கால் மேல் கால்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். கேட்டில் தொங்கும் பையிலிருந்து அரை லிட்டர் பால் பாக்கெட்டை எடுத்தேன். ஒரு ஆளுக்குக் கால் லிட்டர் போதும். பால் போடுகிறவரிடம் சொல்ல வேண்டும் என்று பதினான்கு மாதமாக நினைக்கிறேன். டீ போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். மாவு புளித்திருந்தது. இருந்தாலும் மூன்று இட்லி ஊற்றினேன். தின்றேன். ஏழு மணிக்குப் படியிறங்கிப் போய்க் கிளினிக் ஷட்டரைத் தூக்கினேன்.

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளி என் கிளினிக். 'அஃப்தாப் பிசியோதெரபி' என்று போர்டு இருக்கும். வாசலிலிருந்து என் மேஜைக்கு இருபத்திரண்டு அடி. நடுவில் நாற்காலி கிடையாது. வேண்டுமென்றே போடவில்லை. வருகிறவர்கள் அந்த இருபத்திரண்டு அடியை நடந்தே தீர வேண்டும். வாய் பொய் சொல்லத் தயாராவதற்குள் கால் உண்மையைச் சொல்லிவிடும்.

ஏழு பத்துக்கு மூட்டுத் தேய்மானம் வந்தது. வலிக்கிற காலைத் தரையில் வைத்ததும் சுடுகல்லை மிதித்ததுபோல் எடுத்துவிடும் நடை. ஏழு இருபதுக்குப் பக்கவாதம் வந்தது. முட்டியை மடக்க முடியாமல் காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் வீசும் நடை. ஏழரைக்கு இன்சூரன்ஸ் வந்தது. இடது காலில் அடி என்றார். கைத்தடியை இடது கையில் பிடித்திருந்தார். அடிபட்ட காலுக்கு எதிர்க்கையில் தடி பிடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். இவர் இருபது நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததாகப் பேப்பர் வைத்திருந்தார். "சரி, போகலாம்" என்றேன். திரும்பிப் போகும்போது வலது காலை நொண்டினார்.

விபத்து வழக்குகளில் இப்படிப் பொய்க்கால் நடக்கிறவர்களைப் பிடித்துக் கொடுப்பது என் இரண்டாவது தொழில். போலீஸ்காரர்களும் அவ்வப்போது கூப்பிடுவார்கள்.

"போறவனைக் கூப்பிட்டு எந்தக் கால்னு ஞாபகப்படுத்தி அனுப்புப்பா. பாவம், ஊட்டுக்குப் போறதுக்குள்ள ரெண்டு கால்லயும் நொண்டிருவான்" என்றபடி முஜீப் பாய் உள்ளே வந்தார்.

முஜீப் பாய்க்கு உக்கடத்தில் கடை. சர்க்கரை நோயாளிகளுக்கு மெத்தைச் செருப்பு, கால் குட்டையானவர்களுக்குக் கட்டை வைத்த ஷூ, போலியோ கால்களுக்கு இரும்புச் சட்டம். வயது நாற்பத்தைந்து. நான் ஆளைப் பார்ப்பேன், அவர் செருப்பைப் பார்ப்பார். என் துப்பறியும் வேலைகளில் சம்பளமில்லாத உதவியாளர். சம்பளம் கேட்டதில்லை. அதற்குப் பதிலாகப் பேசுவார்.

அவர் பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். வேகமான, குறையில்லாத நடை. ஆனால் இடது காலில் நீலச் செருப்பு, வலது காலில் பழுப்பு. கையில் கனமான மஞ்சள் பை.

"முஜீப்ணா உங்களப் பார்க்கச் சொன்னாருங்க" என்றாள். "எம் பேரு மோகனப்பிரியா. எங்கப்பாவக் கொலைகாரன்னு புடிச்சு வெச்சிருக்காங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்திப்போட்டு ஜெயிலுக்குக் கொண்டு போறாங்களாம்."

மணி எட்டு. ஷட்டரை இறக்கினேன்.

*

முஜீப் பாயின் பழைய மாருதியில் வடவள்ளி தாண்டுவதற்குள் கதை முழுவதும் வந்துவிட்டது.

அவள் அப்பா தம்பிதுரை. தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்புக்குக் காவல். யானை வந்தால் வெடி போட்டு விரட்ட வேண்டும். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனவர். முஜீப் பாய் செய்து கொடுத்த இரும்புச் சட்டத்தைக் காலில் மாட்டிக்கொண்டுதான் நடப்பார்.

தோப்புக்குச் சொந்தக்காரி வள்ளியாத்தாள். எழுபத்திரண்டு வயது. திங்கட்கிழமை விடியற்காலை மோட்டார் ரூம் பக்கத்தில் துணி துவைக்கும் கல்லில் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். மண்டையில் அடி. சமையல்காரி பாவாத்தாள் வந்து பார்த்துத் தூக்கியிருக்கிறாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. நேற்று மாலை போய்விட்டார்.

"ஆஸ்பத்திரியில ஆத்தா ஒரே வார்த்தையத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாங்களாம்" என்றாள் மோகனப்பிரியா. "தம்பி, தம்பின்னு. மகன் அதைப் போலீசுல சொல்லிப்போட்டாரு. இந்த ஊர்ல தம்பின்னா எங்கப்பாதானுங்க."

"மகன் யாரு?"

"கிருபாசங்கர். ஒத்தப் பையன். தோப்பை வித்துப்போட்டு வில்லா கட்டோணும்னு ஒரு வருசமா நிக்கறாரு. ஆத்தா கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டாங்க."

"தமிழ்நாட்டுல தம்பின்னு கூப்பிட்டாக் கைதுன்னா, என்னைத் தினமும் நாப்பது பேரு தூக்குமேடைக்கு அனுப்பறாங்களே" என்றார் முஜீப் பாய்.

"அது மட்டுமில்லீங்ணா. பால் ஊத்தறவரு அன்னிக்கு விடியால பனியில ஒருத்தரு நொண்டிட்டு வரப்புமேல போறதப் பார்த்தாராம். அதையும் எழுதிட்டாங்க."

தம்பி என்று ஒரு வார்த்தை. நொண்டி என்று ஒரு வார்த்தை. இரண்டையும் சேர்த்தால் ஒரு ஏழை. வழக்கு முடிந்தது.

"பையில என்ன?" என்று கேட்டேன்.

அவள் மஞ்சள் பையின் வாயை விரித்துக் காட்டினாள். இரும்புச் சட்டம். தோல் பட்டை. கீழே ஒரு பூட்ஸ்.

"லாக்கப்புக்குள்ள இரும்பு கூடாதாமுங்க. கழட்டி எங்கையில குடுத்துட்டாங்க. அப்பா பாத்ரூமுக்குத் தவந்து போறாரு."

முஜீப் பாய் பேசாமல் ஓட்டிய இரண்டு கிலோமீட்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் அந்த 'தம்பி'யைப் பற்றி யோசித்தேன். சாகிறவர்கள் கடைசியாகச் சொன்னதை இருப்பவர்கள் திருத்தி எழுதுவார்கள். எனக்குத் தெரியும். என் மனைவி ஃபர்சானா கலிமா சொல்லியபடியே கண் மூடினாள் என்று என் மாமியார் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். பக்கத்தில் நான்தான் இருந்தேன். அவள் கடைசியாகச் சொன்னது, "கேஸ் சிலிண்டர் புக் பண்ணிருங்க." அன்றைக்கே பண்ணினேன்.

*

பால் ஊற்றுகிறவர் தொண்டாமுத்தூர் ரோட்டில் ஒரு பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மோகனப்பிரியாவைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானு உங்கொப்பன்னு சொல்லவே இல்ல, கண்ணு. தலையில துண்டு, மூஞ்சி தெரியல. வேட்டி கட்டியிருந்தாரு, அவ்வளவுதான்."

"நொண்டினாருன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"நான் எங்கீங்க சொன்னேன்? அவிய கேட்டாங்க, நொண்டினானான்னு. அப்படியும் சொல்லலாமுங்கன்னேன்."

"எப்படியும் சொல்ல வேண்டாம். நடந்து காட்டுங்க."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பேக்கரி வாசலில் பப்ஸ் தின்றுகொண்டிருந்த ஆறு பேரும் அவரைப் பார்த்தார்கள். வெட்கப்பட்டபடி நடந்தார். இடது கால் சாதாரணமாகப் போனது. வலது முட்டியை மட்டும் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, எதையோ தாண்டுவதுபோல் முன்னால் போட்டார். மறுபடி அதேபோல. மறுபடி.

"வாய்க்காலத் தாண்டற மாதிரிங்க. ஆனா அந்த வரப்புல வாய்க்காலே இல்ல. எதைத் தாண்டறாருன்னுதான் நின்னு பார்த்தேன்."

"நல்லாப் பண்றீங்க. சேவல் சண்டைக்கு டிக்கெட் போடலாம்" என்றார் முஜீப் பாய்.

"வலது காலா? நிச்சயமா?"

"சோத்துக்கை பக்கந்தானுங்க."

காருக்குத் திரும்பினோம். மோகனப்பிரியா என் முகத்தையே பார்த்தாள்.

"உங்கப்பாவுக்கு இடது கால்" என்றேன். "அதுவும் இரும்புச் சட்டம் போட்டால் முட்டி மடங்காது. பூட்டிய கதவு மாதிரி நிற்கும். அவர் காலை வீசித்தான் நடக்க முடியும், தூக்கி நடக்க முடியாது. பால்காரர் பார்த்தது வேறு நோய். பாதத்தை மேலே தூக்குகிற நரம்பு வேலை செய்யவில்லை. பாதம் செத்த மீன் மாதிரித் தொங்கும். விரல் தரையில் தட்டி விழாமல் இருக்க முட்டியை உயரத் தூக்கி நடப்பார்கள்."

"ஏனுங்க, அப்போ அப்பாவ உட்டுருவாங்களா?"

"இதை மட்டும் சொன்னால் விடமாட்டார்கள். அவர்களுக்கு நொண்டி என்றால் ஒரே நொண்டிதான். தாங்கி நடப்பது, இழுத்து நடப்பது, விந்தி நடப்பது, கெந்தி நடப்பது எல்லாம் நமக்குத்தான் வேறு வேறு. ரிப்போர்ட்டில் ஒரே கட்டம்தான் இருக்கும். வேறு காலைக் கொண்டுபோய்க் காட்டினால் இந்தக் காலை விடுவார்கள்."

"அப்போ இந்தச் சுத்துவட்டாரத்துல முட்டி தூக்கி நடக்கற கால் எதுன்னு தேடணும்" என்றார் முஜீப் பாய். "மணி பத்து. ஆளுக்கு ஒரு நிமிசம்னாக்கூட ஊரைப் பார்த்து முடிக்க அடுத்த பொங்கல் ஆயிரும்."

"துக்க வீட்டுக்குப் போகலாம். ஊரே அங்கேதான் நடந்துகொண்டிருக்கும்."

*

வீட்டு வாசலில் ஷாமியானா. அதற்கு முன்னால் பதினைந்து அடிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். ஒரு மூலையில் வள்ளியாத்தாள், பாஸ்போர்ட் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக. நடுவில் கும்பிட்டபடி கிருபாசங்கர், கழுத்தே இல்லாமல், கன்னம் இரண்டும் பன் போல உப்பி, ஆள் உயரத்துக்கு.

"செத்தது யாருன்னு கீழ எழுதியிருக்காங்களா? இல்லேன்னா மாலைய மாத்திப் போட்டுருவாங்க" என்று முஜீப் பாய் என் காதில் சொன்னார்.

ஷாமியானாவுக்குள் பேனரில் இருந்தவரைத் தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில் நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான் அவர் என்று புரிந்தது. பாதி ஆள்தான் மிச்சமிருந்தார். கன்னம் ஒட்டி, கழுத்து முளைத்து, கைக்கடிகாரம் முழங்கைப் பக்கம் சறுக்கிக்கொண்டிருந்தது.

"டயட்டுங்க" என்று பக்கத்தில் இருந்தவர் பெருமையோடு சொன்னார். "நாலு மாசத்துல இருபத்தாறு கிலோ. வெறும் கறியும் வெண்ணெயும் பாதாமும். சோத்தைக் கண்ணாலயும் பார்க்கறதில்ல."

கிருபாசங்கர் வலது காலைத் தூக்கி இடது முட்டியின் மேல் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றி இருபது பேர். எல்லாப் பாதங்களும் தரையில். அந்த ஊரில் கால் மேல் கால் என்பது உட்காரும் முறையல்ல, பதவி. அவருடைய தாய்மாமா வந்து கை நீட்டினார். கால் இறங்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். கால் இறங்கவில்லை. நான் இருபது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தேன். கால் இறங்கவேயில்லை.

முட்டிக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே, ஒரு எலும்பு முண்டு இருக்கும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அதைச் சுற்றித்தான் தோலுக்கு அடியில் ஓடுகிறது. கொழுப்புத்தான் அதற்கு மெத்தை. நான்கு மாதத்தில் மெத்தையை உருவிவிட்டு, மேலே போட்ட காலை நாள் முழுவதும் கீழ்க்காலின் முட்டியில் அழுத்தினால் நரம்பு நசுங்கும். பாதம் தொங்கும். கிளினிக்கில் வருடத்துக்கு நாலைந்து பேர் இப்படி வருவார்கள். தரையில் குந்தி டைல்ஸ் பதிக்கிறவர்கள், குந்தி உட்கார்ந்து வெங்காயம் அறுவடை செய்கிறவர்கள். கௌரவத்தால் நசுங்கிய நரம்பை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று நினைத்தேன்.

அவர் எழுந்தார். நடந்தார். மாலை வைத்திருந்த மேஜை வரை போய்த் திரும்பினார்.

முட்டி தூக்கவில்லை. வலது குதிகால் முதலில் பதிந்தது, பிறகு பாதம். பாடப்புத்தகத்தில் படம் போடலாம், அத்தனை ஒழுங்கு. நான் கட்டிய கோட்டை இருபது அடியில் சரிந்தது.

"நடை சுத்தமா இருக்கே, டாக்டரே" என்றார் முஜீப் பாய்.

"இருக்கு."

"சுத்தபத்தமெல்லாம் இருக்கட்டும். துக்க வீட்டுல எல்லாரும் வெறுங்கால்ல நிக்கறான். இவன் மட்டும் வெள்ளை வேட்டிக்கு வெள்ளை ஷூ போட்டுக் கிரிக்கெட் அம்பயர் மாதிரி நிக்கறான். ஏன்?"

கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே போனார். கிருபாசங்கர் முன்னால் கைகூப்பி நின்று ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். தெரிவித்த நேரம் முழுவதும் தலை குனிந்தே இருந்தது. கிருபாசங்கர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"ஷூ புதுசுங்களா?"

"குதிகால் வலிங்க. டாக்டர் போட்டுக்கச் சொல்லிட்டாரு."

முஜீப் பாய் திரும்பி வந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"ஒரே மாடல், ஒரே கலர். ஆனா ஒரே ஜோடி இல்ல. இடது ஒம்போது. வலது பத்து. ரெண்டு ஜோடி வாங்கி ஒண்ணொண்ணு எடுத்திருக்கான். ஒத்தக் கால் மட்டும் ஒரே நாள்ல வளருமா?"

"வளராது."

"அப்போ உள்ள இன்னொருத்தன் குடியிருக்கான்."

எனக்குப் புரிந்தது. ஆடுசதைக்குப் பின்னாலிருந்து இறங்கி உள்ளங்காலுக்கு அடியில் வரும் ஒரு பிளாஸ்டிக் தகடு. எந்தச் சர்ஜிக்கல் கடையிலும் கிடைக்கும். அதை மாட்டினால் தொங்குகிற பாதம் நிமிர்ந்து நிற்கும். நடை சுத்தமாகும். ஆனால் ஷூ ஒரு சைஸ் பெரிதாக வேண்டும். செருப்பில் மாட்ட முடியாது. வெறுங்காலில் முடியவே முடியாது.

*

பதினொன்றரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. பின்னாலேயே இந்த வழக்கைப் பார்க்கிற இன்ஸ்பெக்டரம்மாவின் ஜீப். என்னிடம் குதிகால் வலிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவர். ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னேன். கேட்டார். மணியைப் பார்த்தார்.

"ஷூ சைஸை வெச்சு ஒரு மகனைப் புடிக்கச் சொல்றீங்க."

"கழற்றச் சொல்லிப் பாருங்கள்."

"தாயைப் பறிகொடுத்தவனோட ஷூவை நான் கழட்டச் சொன்னா, அரை மணி நேரத்துல ஊரே ரோட்டுல உக்காந்துரும். முடியாதுங்க சார்."

"நீங்கள் சொல்ல வேண்டாம். சடங்கு சொல்லும். கொஞ்சம் நில்லுங்கள்."

உடலை இறக்கி வாசலில் கிடத்தினார்கள். பெண்கள் அழுதார்கள். சமையல்காரி பாவாத்தாள் மட்டும் அழாமல் அண்டாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஷாமியானாவின் விளிம்பில், யாரும் நாற்காலி காட்டாத இடத்தில், மோகனப்பிரியா மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

சடங்கு செய்கிறவர் குரல் கொடுத்தார். "மகன் வாங்க சாமி. குடத்துல தண்ணி எடுத்து, ஆத்தாளைச் சுத்தி மூணு சுத்து வந்து ஊத்தோணும். அந்த ஷூவையெல்லாம் கழட்டிப்போட்டு வாங்க."

"எனக்குக் குதிகால் வலி" என்றார் கிருபாசங்கர். "பங்காளி யாராச்சும் செய்யட்டும்."

தாய்மாமா எழுந்து நின்றார்.

"ஒத்தப் பையன் குத்துக்கல்லாட்ட இருக்கறப்போ பங்காளி எதுக்குடா? பெத்தவளுக்கு மூணு சுத்து வர முடியாதா உனக்கு? அப்பறம் இந்த ஊட்டுல எவனுக்கு முன்னாடி கால் மேல கால் போட்டு உக்காருவே?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவரை எழுப்பியது. வீட்டுக்குள் போனார். வரும்போது வெறுங்கால். பாதம் தெரியாமல் வேட்டியைத் தாழ இறக்கியிருந்தார்.

"மேளத்த நிறுத்தாதீங்க. நல்லா அடிங்க. எங்கம்மாவுக்கு ஒரு குறையும் இருக்கக்கூடாது" என்றார்.

மேளம் அதிர்ந்தது. குடத்தைத் தோளில் வைத்து முதல் சுற்றுத் தொடங்கினார். வேட்டிக்குள் வலது முட்டி உயர்வது எனக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அது துக்கத்தில் தள்ளாடுகிற மகன். நாலைந்து பெண்கள் அவருக்காகவும் அழ ஆரம்பித்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மணி பன்னிரண்டு.

முஜீப் பாயைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன். மேளக்காரர்கள் பக்கத்தில் பெரிய தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"காலையில இருந்து அடிக்கறீங்க. ஒரு வாய் டீ குடிச்சுட்டு அடிங்கப்பா. சூடா இருக்கு, ஆறிப்போயிரும். வடையும் இருக்கு."

மேளம் நின்றது.

கிருபாசங்கர் இரண்டாவது சுற்றில் பாதியில் இருந்தார். நிற்க முடியாது. சடங்கு. தோளில் குடம், கீழே ஈரச் சிமெண்டுத் தரை, சுற்றிலும் இருநூறு பேர், சத்தமே இல்லை. இடது கால் பூனைபோலப் பதிந்தது. வலது முட்டி எழும்பியது. தொங்கிய பாதம் மொத்தமாகத் தரையில் விழுந்தது.

தப்பு.

இன்னொரு அடி.

தப்பு.

ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம். தப்பு. தப்பு. ஒவ்வொரு அடிக்கும் வாசல் முழுவதும் கேட்டது. அவர் வேகமாக நடந்தார். சத்தமும் வேகமாக வந்தது.

அண்டா பக்கத்தில் பாவாத்தாளின் கையிலிருந்து சொம்பு விழுந்து உருண்டது.

"இதுதானுங்க" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "மூணு வாரமா ஆத்தா இந்தச் சத்தத்துக்குத்தானுங்க சின்னவரைத் திட்டிக்கிட்டே இருந்தாங்க. கண்ணு ஆப்ரேசன் பண்ணதுல இருந்து ஆத்தாளுக்கு மூஞ்சி தெரியாது. இந்தச் சத்தத்த வெச்சுத்தான் சின்னவரு வாராருன்னு சொல்லுவாங்க."

"பாவாத்தா, உள்ள போ" என்றார் கிருபாசங்கர்.

"ஆஸ்பத்திரியில ஆத்தா தம்பின்னு சொல்லவே இல்லீங்க. நாக்கு இழுத்துக்கிச்சு, சரியா வல்ல. தப்பு, தப்புன்னாங்க. செய்யாத தப்ப நெனச்சு ஆத்தா வருத்தப்படறாங்கன்னு நானு நெனச்சேன். சின்னவரு தம்பின்னு சொன்னாரு. படிச்சவரு சொன்னாச் சரியா இருக்கும்னு உட்டுட்டேன்."

"வேலைக்காரி பேச்சு..." என்று கிருபாசங்கர் இன்ஸ்பெக்டரம்மாவை நோக்கித் திரும்பினார். திரும்பிய வேகத்தில் முட்டியைத் தூக்க மறந்துவிட்டார். வலது கால்விரல் தரையில் தட்டியது. குடம் முதலில் போனது, பிறகு அவர். தாயின் காலடியில் முழங்கால் மடிந்து விழுந்தார். தூக்கிவிட யாரும் கை நீட்டவில்லை. வேட்டி விலகியது. வலது பாதம் தொங்கியது.

"பாதத்தை மேலே தூக்குங்கள்" என்றேன்.

அவர் பாதத்தைப் பார்த்தார். நெற்றி வியர்த்தது. பாதம் அசையவில்லை.

"கையெழுத்துத்தான் கேட்டேன்" என்றார். "ஒரே ஒரு கையெழுத்து. கல்லு இருக்கறத நான் பார்க்கல."

"கல்லைப் பார்க்கலைன்னாலும் சர்ஜிக்கல் கடையப் பார்த்திருக்கீங்களே" என்றார் முஜீப் பாய். கையில் இன்னும் டீத் தட்டு இருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். மூன்று வாக்கியம். பிறகு மோகனப்பிரியாவைக் கூப்பிட்டார்.

"அந்தப் பையைக் கொண்டு போம்மா. உங்கப்பாவுக்கு மாட்டிவிட்டு, நடக்க வெச்சே கூட்டிட்டு வா. ஜீப் உன்னைக் கொண்டு விடும்."

அவள் ஓடினாள். ஒரு கால் நீலம், ஒரு கால் பழுப்பு. ஜீப் ஏறியபின்தான் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைவு வந்திருக்க வேண்டும். பின்கண்ணாடி வழியாக இரும்புச் சட்டத்தைத் தூக்கிக் காட்டினாள்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு இன்ஸ்பெக்டரம்மா பாவாத்தாளை உட்காரச் சொன்னார். அந்த வாசலில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். நுனியில் உட்கார்ந்தாள். இரண்டு பாதங்களும் தரையில்.

"ஆஸ்பத்திரியில நாக்கு இழுத்துக்கிச்சு. சரி. அதுக்கு முந்தித் தோப்புல நீங்க தூக்கினப்போ ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க. ஆனா என்கிட்டச் சொல்லலீங்க. வரப்பப் பார்த்துச் சொன்னாங்க. அங்க யாரும் இல்ல. புத்தி பெரண்டு பேசறாங்கன்னு இருந்துட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"வேண்டாமுங்க. அது கேசுக்கு ஆவாது. சும்மா ஊட்டுல பேசற பேச்சு."

"அதுதான் வேண்டும்" என்றேன். "நீங்கள் நினைத்தது வேண்டாம். அவர் சொன்னது."

கிருபாசங்கர் தலையைத் தூக்கினார். முதல் தடவையாக அவருக்கும் கேட்க வேண்டியிருந்தது.

பாவாத்தாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். இன்ஸ்பெக்டரம்மாவின் பேனா காகிதத்தைத் தொடும்வரை காத்திருந்து, வள்ளியாத்தாளின் குரலிலேயே சொன்னாள்.

"தப்புத் தப்புன்னு நடக்காத, கண்ணு. உழுந்துபோடுவே."